எங்க ஊர் மண்ணே இரும்புதானே, டீச்சர்?

வாரம் ஒருநாள் மதிய உணவு முடிந்ததும் எங்கள் பள்ளியில் நீல மாத்திரை கொடுப்போம். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த அந்த மாத்திரையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் கொடுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். ஒருநாள் சுற்றுச்சுவரின் பின்பக்கம் சுத்தம் செய்யும்போது, செடிகளுக்கடியில் நீல நீலமாக ஏதோ கிடந்தது. குனிந்து பொறுக்கி எண்ணினோம். 23 மாத்திரைகள். எல்லாம் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, எங்கள் கண்முன்னே 'விழுங்கப்பட்டவை'.

திட்டுவதில் பயனில்லை என்று தோன்றியது. ஒன்பதாம் வகுப்பில் போய் ஏன் துப்புகிறீர்கள் என்று கேட்டேன். வாந்தி வருகிறது என்றார்கள், கசக்கிறது என்றார்கள், மலம் கறுப்பாகப் போகிறது என்று ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"எங்க ஊர் மண்ணே இரும்புதான்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க, டீச்சர்? அந்த மண்ணுல விளைஞ்ச சோத்தைத்தானே சாப்பிடுறோம்? அப்புறம் மாத்திரை எதுக்கு?"

பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. உண்மையில் அது மிக நல்ல கேள்வி. அதற்குச் சரியான விடை தேடிப் படித்ததையும், வகுப்பில் செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

செம்மண் சொன்னது

நெய்வேலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை பெய்தால் சாலையோர ஓடைகள் காவி நிறத்தில் ஓடும். வெள்ளைச் சீருடையில் அந்தச் சேறு பட்டால் எந்த சோப்புக்கும் போகாது. சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் மேலே செம்மண்ணும் செம்புராங்கல்லும், அதன்கீழ் களிமண்ணும் மணற்பாறையும், எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பு நிலக்கரியும் அடுக்கடுக்காகத் தெரியும். மேலடுக்கின் அந்தச் சிவப்பு முழுவதும் இரும்பு ஆக்சைடு. நெய்வேலிக்கு மட்டுமல்ல, பூமியின் மேலோடு முழுவதற்குமே இரும்பு பஞ்சமில்லாத பொருள். எடைக் கணக்கில் நூற்றில் ஏறத்தாழ 5 பங்கு. ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியத்துக்கு அடுத்து நான்காம் இடம்.

அந்த வகையில் மாணவி சொன்னது சரி. அப்படியானால், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது எப்படி? இரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இரும்புக் குறைவு அவற்றில் பெரியது. சுற்றிலும் இரும்பு, உடம்பில் இல்லை. இந்தச் சிக்கல் நமக்கு முன்பே நெல்லுக்கு வந்துவிட்டது. நெல் அதற்கு ஒரு வழியும் கண்டது.

சில வாரங்கள் கழித்து அதே மாணவி ஈரத்துணியில் சுற்றி ஒரு பிடி நாற்று கொண்டுவந்தாள். பக்கத்து மாவட்டமான அரியலூரில் அவள் மாமாவுக்கு நிலம். தண்ணீர் பற்றாக்குறையால் சேற்று நாற்றங்கால் போடாமல் மேட்டு நிலத்தில் நாற்று விட்டிருக்கிறார். பழைய இலைகள் பச்சை. குருத்தும் அதை ஒட்டிய புது இலையும் வெளிறி, ஏறக்குறைய வெண்மை. மாமா யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லையாம்.

இந்த நாற்றைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். நைட்ரஜன் குறைந்தால் பயிர் பழைய இலையிலிருந்து அதை உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். எனவே அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் இடம் மாறாது. பழைய இலையில் போனது அங்கேயே தங்கிவிடும், புது இலை பட்டினி கிடக்கும். அடியிலை மஞ்சளா, குருத்து மஞ்சளா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இங்கே ஒரு திருத்தமும் தேவை. பச்சையத்தில் இரும்பு இருக்கிறது என்று மாணவர்கள் பலர் எழுதுகிறார்கள். பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். அந்தப் பச்சையத்தை உருவாக்கும் நொதிகளுக்கும், ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களுக்கும்தான் இரும்பு வேண்டும்.

அரியலூர் மண்ணில் இரும்பு இல்லையா? இருக்கிறது. ஆனால் அது சுண்ணாம்பு மண். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த பகுதி. சிமென்ட் ஆலைகள் அங்கே அமைந்ததற்கும் அதுதான் காரணம். காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு ஃபெரிக் வடிவில் இருக்கும். மண்ணின் பி.எச். மதிப்பு ஓர் அலகு கூடினால் ஃபெரிக் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். சுண்ணாம்பு மண்ணில், அதுவும் தண்ணீர் கட்டாத மேட்டில், இரும்பு கல்லாகவே கிடக்கும். வேர் கல்லைக் குடிக்க முடியாது.

வேளாண்மை அலுவலரைக் கேட்கச் சொன்னேன். ஃபெரஸ் சல்பேட்டை நூற்றுக்கு ஒரு பங்கு நீரில் கரைத்து இலைமேல் தெளிக்கச் சொன்னாராம். ஒருமுறை தெளித்தால் போதாது, அதற்கடுத்து வரும் குருத்துக்கு மறுபடியும் தெளிக்க வேண்டும் என்றாராம். இரும்பு இடம் மாறாது என்று படித்தவர்களுக்கு ஏன் என்பது புரியும்.

மூன்று டம்ளர் சோதனை

ஃபெரஸ் சல்பேட்டுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் வெளிர்பச்சை உப்பாக எடுத்துத் தருவார்கள். சித்த மருத்துவத்தில் சோகைக்குத் தரும் அன்னபேதிச் செந்தூரம் இதிலிருந்து செய்வது. மாமாவின் நாற்றுக்குத் தெளித்ததும் இதுதான். நாங்கள் கொடுக்கும் நீல மாத்திரையிலும் இரும்பு இந்த உப்பாகத்தான் இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

இதைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் ஒரு சோதனை செய்தோம். மூன்று கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை அன்னபேதியைக் கரைத்தேன். முதல் டம்ளரில் தெளிந்த சுண்ணாம்பு நீரை விட்டதும் கலங்கி, அழுக்குப் பச்சையாக வீழ்படிவு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் மேற்பரப்பு துருநிறமாக மாறியது. இது அரியலூர் மண் என்றேன். இரண்டாவது டம்ளரில் முதலில் எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகப் பிழிந்துவிட்டு, பிறகு அதே அளவு சுண்ணாம்பு நீரைச் சேர்த்தோம். முதல் டம்ளரைப் போலக் கலங்கவில்லை. மூன்றாவதில் பால் சேர்க்காத தேயிலை வடிநீரை ஊற்றினோம். கன்னங்கரேலென்று மை போல ஆகிவிட்டது. உண்மையிலேயே மைதான். அன்னபேதியையும் கடுக்காயையும் சேர்த்துத்தான் அக்காலத்தில் எழுதும் மை செய்தார்கள். தேயிலையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது.

ஆசிரியரே செய்து காட்ட வேண்டிய சோதனை இது. எதையும் சுவைக்கக் கூடாது, முடிந்ததும் கைகழுவ வேண்டும், கரைசலை வாய்க்காலில் கொட்டிவிட வேண்டும். துணியில் பட்டால் கறை நிற்கும் என்பதை என் சேலை முந்தானையில் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது டம்ளரில் எலுமிச்சை செய்த வேலை கவனிக்கத்தக்கது. சாற்றிலுள்ள அமிலம் சுண்ணாம்பின் காரத்தை ஒரு பக்கம் குறைக்கிறது. மறுபக்கம் சிட்ரிக் அமில மூலக்கூறுகள் இரும்பு அயனியை நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோலக் கவ்வி, வீழ்படிவாகாமல் நீரிலேயே வைத்திருக்கின்றன. நெல் வேர் செய்வதும் இப்படியொரு கவ்வும் வேலைதான்.

நெல்லின் இரண்டு வாசல்கள்

இரும்பு தேடுவதில் தாவர உலகில் இரண்டு கட்சிகள் உண்டு. கடலை, தக்காளி, அவரை போன்றவை வேரிலிருந்து அமிலத்தை விட்டு, ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக மாற்றி உள்ளே இழுக்கும். புல் குடும்பத்தினர் வேறு வழி. இரும்பைக் கவ்வக்கூடிய ஒரு பொருளைச் சுரந்து மண்ணுக்கு அனுப்பி, அது இரும்பைப் பிடித்தபின் இரண்டையும் சேர்த்தே உள்ளே வாங்கிக்கொள்ளும். தூண்டிலை வீசி மீனோடு சேர்த்து இழுப்பது மாதிரி. 1976இல் ஜப்பானில் தகாகி என்ற அறிவியலாளர், இரும்பு இல்லாமல் வளர்த்த ஓட்ஸ், நெல் ஆகியவற்றின் வேர் நனைந்த நீருக்கு இரும்பைக் கரைக்கும் ஆற்றல் இருப்பதைக் காட்டினார். அந்தப் பொருள்களுக்கு முகினிக் அமிலங்கள் என்று பெயர் வந்தது. ஜப்பானிய மொழியில் 'முகி' என்றால் பார்லி, கோதுமை வகைத் தானியம்.

பார்லி இதில் கெட்டிக்காரப் பயிர். மிகுதியாகச் சுரக்கும், அதுவும் பொழுது விடிந்த சில மணி நேரத்துக்குள் மொத்தமாக விட்டுவிடும். மண்ணின் நுண்ணுயிரிகள் அதைத் தின்று தீர்ப்பதற்குள் வேலையை முடிக்கும் தந்திரம் என்கிறார்கள். நெல்லும் சுரக்கிறது, ஆனால் மிகக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் பார்லி பச்சையாக நிற்க, நெல் வெளுத்துப்போவதற்குக் காரணம் இதுதான்.

நெல் ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கிறது? அதன் பிறந்த வீட்டை நினைத்துப் பார்த்தால் தெரியும். தண்ணீர் கட்டிய சேற்றில் சில நாட்களிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். சேற்று நுண்ணுயிரிகள் சுவாசிப்பதற்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரிக் இரும்பைப் பயன்படுத்தி, அதை ஃபெரஸாக மாற்றிவிடும். ஃபெரஸ் நீரில் கரையும். ஆக, சேற்றில் நிற்கும் நெல்லுக்குக் கரைந்த இரும்பு வீடு தேடி வருகிறது. அதை நேரடியாக உள்ளே எடுக்கும் இன்னொரு வாசலையும் நெல் வைத்திருக்கிறது என்பதை 2006இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறுவினார்கள். புல் குடும்பத்தில் பிறந்தும் இரண்டு வழிகளையும் கையாளும் பயிர் நெல். சேற்றுக்கு ஒரு வாசல், காய்ந்த மண்ணுக்கு ஒரு வாசல்.

எங்கள் பள்ளி அடிபம்பு இதற்கு நல்ல சாட்சி. அடித்த உடன் தண்ணீர் பளிங்காக இருக்கும். வாளியில் ஓரிரவு வைத்தால் அடியில் துரு படியும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் ஃபெரஸாகக் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் ஃபெரிக்காகிப் படிகிறது. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் கண்ணால் பார்க்கலாம், எந்தச் செலவும் இல்லை.

வீடு தேடி வரும் விருந்து அளவு மீறினால் நஞ்சாகும். அமிலத்தன்மை கூடிய, வடிகால் இல்லாத தாழ்ந்த வயல்களில் ஃபெரஸ் இரும்பு மிதமிஞ்சி, நெல்லிலை செம்பழுப்புப் புள்ளிகளோடு வெண்கல நிறமாகும். கேரளத்திலும் இலங்கையின் ஈரவலயத்திலும் இது பழைய தொல்லை. கட்டுப்பாடில்லாமல் உலவும் இரும்பு உயிரணுவுக்குள் தீவிர வினைத்திறன் கொண்ட ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கி, சவ்வுகளையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும். அதற்கும் நெல் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. இலையிலிருந்து வேர்வரை ஓடும் காற்றறைத் திசு வழியாக ஆக்சிஜனைக் கீழே அனுப்பி, வேரைச் சுற்றிக் கசியவிடும். நெருங்கி வரும் ஃபெரஸ் இரும்பு வாசலிலேயே துருவாகி வேரின்மேல் படிந்துவிடும். நடவு முடிந்து ஒரு மாதமான வயலில், உரியவரைக் கேட்டுவிட்டு, ஒரு குத்தைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். முதிர்ந்த வேர்கள் துருநிறத்தில் இருக்கும். இளம் வேர்நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும்.

உள்ளே போன இரும்பையும் பயிர் தனியே அலையவிடுவதில்லை. சைலத்தில் சிட்ரிக் அமிலம் கைபிடித்து மேலே கூட்டிப்போகிறது. ஃபுளோயத்தில் நிகோஷியானமைன் என்ற பொருளும் நம் முகினிக் அமிலமும் துணை. மிச்சமிருப்பதை வெற்றிடப் பைகளில் அடைத்துப் பூட்டியும், ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் பதுக்கியும் வைக்கிறது. ஃபெரிட்டின் நம் உடம்பிலும் உண்டு. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு போதும் என்றால் வேரின் வாசலை மூடச் சொல்லும் உணர்விப் புரதங்களும் நெல்லில் உள்ளன. நம் உடம்பில் அந்தக் காவல் வேலையைக் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் பார்க்கிறது.

அரிசிக்குள் எவ்வளவு?

இத்தனை பாடுபட்டு எடுத்த இரும்பு நம் தட்டுக்கு வருகிறதா? நெல்லின் கணக்கில் நாம் இல்லை. தானியத்துக்கு அது அனுப்பும் இரும்பு, முளைக்கப்போகும் தன் பிள்ளைக்கு. எனவே அதைக் கருவிலும் கருவூணின் வெளியடுக்கிலும் சேமிக்கிறது. ஆலையில் தீட்டும்போது நாம் கழற்றிப்போடுவது சரியாக இந்த இரண்டையும்தான். உள்ளே மிஞ்சும் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் மாவுச்சத்து.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் இரும்பு 0.65 மில்லிகிராம், தீட்டாத அரிசியில் 1.02, கேழ்வரகில் 4.62, கம்பில் 6.42. 13 முதல் 15 வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் தேவை என்று 2020இல் பரிந்துரைத்திருக்கிறார்கள். 300 கிராம் வெள்ளை அரிசி சாப்பிட்டாலும் 2 மில்லிகிராம்தான் தேறும். அதிலும் குடல் உறிஞ்சுவது சிறு பங்கு. அந்த மாணவியின் கேள்விக்குக் கரும்பலகையில் இந்த எண்களை எழுதினேன். கணக்கை அவளே போட்டாள்.

தீட்டாத அரிசி சாப்பிட்டால் சரியாகிவிடுமா என்றும் கேட்பார்கள். கறுப்புக்கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் இரும்புக் களஞ்சியங்கள் என்று பலர் பேசுகிறார்கள். அந்த அரிசிகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் தவிட்டில் இரும்போடு பைட்டிக் அமிலமும் இருக்கிறது. அது குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறத்தைப் பார்த்துச் சத்தைக் கணக்கிட முடியாது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை பைட்டிக் அமிலத்தைக் குறைக்கும். இட்லி மாவைப் புளிக்கவைத்த நம் பாட்டிகள் இந்த வேதியியலைப் பெயர் தெரியாமல் செய்துவந்தார்கள்.

நெல்லை மாற்ற முயன்றவர்கள்

இரும்பு மிகுந்த நெல்லை உருவாக்கும் முயற்சி 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், ஐ.ஆர். 72 ரகத்தையும் இந்தியாவின் உயரமான மரபு நெல் ஒன்றையும் கலந்து பெற்ற ஐ.ஆர். 68144 என்ற வழியில் வழக்கத்தைவிடக் கூடுதல் இரும்பைக் கண்டது. அதை வைத்து நடந்த உணவுச் சோதனை சுவையானது. மணிலாப் பகுதியில் 10 கன்னிமாடங்களைச் சேர்ந்த 192 அருட்சகோதரிகள் 9 மாதங்கள் பங்கேற்றார்கள். ஒரே சமையலறை, ஒரே நேரச் சாப்பாடு என்பதால் யார் எவ்வளவு சோறு உண்டார் என்பதைத் துல்லியமாக அளக்க முடிந்தது. 2005இல் முடிவு வெளியானது. தொடக்கத்தில் சோகை இல்லாதவர்களின் உடல் இரும்புச் சேமிப்பு ஓரளவு உயர்ந்திருந்தது. பெரிய பாய்ச்சல் இல்லை. ஆனால் சோற்றின் வழியே இரும்பை உடம்பில் சேர்க்க முடியும் என்பது தெரிந்தது.

சாதாரணக் கலப்பினத்தால் வெள்ளை அரிசியின் இரும்பை ஓர் எல்லைக்கு மேல் ஏற்ற முடியவில்லை. உலகின் நெல் ரகங்களிலேயே தீட்டிய அரிசியில் இரும்பு மிகுந்தது அரிது. துத்தநாகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அது உள்பகுதியிலும் பரவியிருக்கும். அதனால்தான் நம் நாட்டில் 2016இல் டி.ஆர்.ஆர். தன் 45 என்ற துத்தநாகம் மிகுந்த நெல் வெளிவந்தது. இரும்புக்கு நம் விஞ்ஞானிகள் கம்பைப் பிடித்தார்கள். 2014இல் நாடு முழுவதற்கும் பரிந்துரைக்கப்பட்ட 'தனசக்தி' கம்பு அப்படி வந்தது.

நெல்லிலேயே சாதிக்க நினைத்தவர்கள் மரபணு மாற்றத்தைக் கையில் எடுத்தார்கள். 1999இல் ஜப்பானியக் குழு சோயாவின் ஃபெரிட்டின் மரபணுவை நெல்லின் கருவூணில் இயங்க வைத்து, இரும்பை 3 மடங்குவரை உயர்த்தியது. அதாவது, பதுக்கும் பெட்டியை நாம் சாப்பிடும் பகுதியிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். பெட்டி மட்டும் போதவில்லை, கொண்டுவந்து சேர்க்கும் வண்டியும் வேண்டும் என்று பின்னர் புரிந்தது. நிகோஷியானமைனைக் கூட்டினார்கள். இரண்டையும் சேர்த்த ஐ.ஆர். 64 நெல், வயல் சோதனையில் தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் இரும்பு தந்ததாக 2016இல் அறிவித்தார்கள். வழக்கமான அரிசியைவிடப் பல மடங்கு. இன்னொரு திசையில், பார்லியின் மரபணுக்களைப் பெற்ற நெல் கார மண்ணில் ஏறத்தாழ 4 மடங்கு விளைந்ததை 2001இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். மாமாவின் நாற்றுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வு இது.

இவற்றில் எதுவும் நம் வயலுக்கு வரவில்லை. மரபணு மாற்றப் பயிர்களில் வணிகச் சாகுபடியில் இங்கே இருப்பது பருத்தி மட்டுமே. அனுமதி ஒருபக்கம் இருக்க, உயிரியல் எச்சரிக்கையும் ஒன்று உண்டு. இரும்பை உள்ளே விடும் வாசல் வழியாக காட்மியம் போன்ற நச்சு உலோகமும் நுழையும். வாசலைக் கண்மூடித்தனமாக அகலத் திறந்தால் வேண்டாததும் வந்துசேரும். வேரைவிட, செடிக்குள் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில் கைவைப்பதே நல்லது என்பது என் எண்ணம். பன்னாட்டு ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகின்றன.

ஆசிரியர் மேசைக்கு வரும் கேள்விகள்

நெல் தராததை ஆலையில் சேர்த்தார்கள். சத்துணவிலும் நியாயவிலைக் கடையிலும் வந்த செறிவூட்டப்பட்ட அரிசி அதுதான். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவிலேயே பிழிந்து, 100 அரிசிக்கு 1 என்ற அளவில் சேர்த்தார்கள். கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஓர் அம்மா என்னிடம் அந்த மணிகளைத் தனியே பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து, "பிளாஸ்டிக் அரிசி போடுறாங்க, டீச்சர்" என்றார். நிறம் சற்று வேறுபடும், களையும்போது சில மேலே மிதக்கும், சந்தேகம் வருவது இயல்பே. அவர் முன்னாலேயே அந்த மணிகளை வேகவைத்து, விரலால் நசுக்கிக் காட்டினேன். சோறாகவே மசிந்தது. பொறுக்கி எறிந்தால் எறிவது முழுக்கச் சத்து என்றதும் காகிதத்தை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாத்திரைக்கும் இப்படிச் சில நடைமுறைச் செய்திகள் போதும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். எனவே உணவுக்குப் பின். மலம் கறுப்பது, உறிஞ்சப்படாத இரும்பு குடலில் கறுப்புச் சேர்மமாகி வெளியேறுவதால், நோயல்ல. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் டீ வேண்டாம். மூன்றாவது டம்ளரை நினைவூட்டுங்கள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை நல்லது; அங்கே இரண்டாவது டம்ளர். தலசீமியா போன்ற இரத்த நோயுள்ள குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் இரும்பு கொடுக்கக் கூடாது. மாத்திரைப் பெட்டியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். சிறு குழந்தை மிட்டாய் என்று நினைத்து ஒரு பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வெண்கல நிறமான நெல்லிலை நமக்குச் சொல்லும் செய்தி அதுவே.

டம்ளர் சோதனைக்கு அடுத்த வாரம் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். 4 மாத்திரைகள் கிடந்தன. அதற்கடுத்த வாரம் 6. பூஜ்ஜியம் ஆகவில்லை. கறுப்பு மலம் பற்றிப் பெண் பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசியதுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. மாமாவின் நாற்று இரண்டு தெளிப்புக்குப் பின் பச்சை பிடித்து நடவும் ஆகிவிட்டதாம். போன வாரம் நிறுத்திக் கேட்டாள்: "தவிடெல்லாம் மாடுதானே சாப்பிடுது? அந்தப் பைட்டிக் அமிலம் மாட்டை ஒண்ணும் பண்ணாதா, டீச்சர்?"

பண்ணாது. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துவிடும். இட்லிப் பானையில் ஓரிரவில் நடப்பது மாட்டின் வயிற்றில் நாளெல்லாம் நடக்கிறது என்றேன். அப்படியானால் மாடே ஓர் இட்லிப் பானை என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.